கணக்கில் வராத முதியோர்: எச்ஐவி தடுப்புத் திட்டத்தின் கண்மூடித்தனம்

ஆண்டுதோறும் அக்டோபர் 1 உலக முதியோர் நாளாகவும், டிசம்பர் 1 உலக எய்ட்ஸ் நாளாகவும் கடைப்பிடிக்கப்படுகின்றன. முதல் நாளில் ஆட்சியாளர்கள் முதியோருக்குச் சால்வை அணிவித்து, கண்புரை, மூட்டுவலி, சர்க்கரை நோய் ஆகியவை குறித்துப் பேசுகிறார்கள். இரண்டாம் நாளில் கல்லூரி மாணவர்கள் சிவப்பு ரிப்பன் அணிந்து ஊர்வலம் போகிறார்கள். அறுபது வயதில் எச்ஐவியோடு வாழும் ஆணோ பெண்ணோ இந்த இரண்டு நாள்களிலும் எவர் பேச்சிலும் இடம்பெறுவதில்லை. ஒரு மேடையில் அவர்களுக்கு எச்ஐவி இல்லை. மறு மேடையில் அவர்களுக்கு முதுமை இல்லை. மேடைப் பேச்சில் உள்ள இந்த இடைவெளி அரசின் புள்ளிவிவரங்களிலும், திட்டங்களிலும், நிதி ஒதுக்கீட்டிலும் அப்படியே எதிரொலிக்கிறது என்பதே கவலைக்குரியது.

இந்தியாவில் 25 லட்சத்திற்கும் மேற்பட்டோர் எச்ஐவி தொற்றுடன் வாழ்கிறார்கள் என்று ஒன்றிய அரசின் மதிப்பீடு கூறுகிறது. வயது வந்தோரிடையே தொற்றின் பரவல் ஏறத்தாழ 0.2 சதவீதம். இங்கே ‘வயது வந்தோர்’ என்றால் 15 முதல் 49 வயது வரையிலானவர்கள் என்று பொருள். சர்வதேச அளவில் பின்பற்றப்படும் வரையறைதான் இது. ஆனால் அளவுகோலுக்காக வகுக்கப்பட்ட எல்லை, காலப்போக்கில் அக்கறையின் எல்லையாகவே மாறிவிட்டது. தேசிய குடும்ப நல ஆய்வு எச்ஐவி பற்றிய விழிப்புணர்வை 49 வயது வரையிலான பெண்களிடமும், 54 வயது வரையிலான ஆண்களிடமும் மட்டுமே கேட்டறிகிறது. தொற்றின் போக்கைக் கண்காணிக்க கர்ப்பிணிப் பெண்களிடம் எடுக்கப்படும் மாதிரிகளும் 49 வயதோடு நின்றுவிடுகின்றன. செஞ்சுருள் சங்கங்கள் கல்லூரி வளாகங்களில் இயங்குகின்றன. ஐம்பதாவது பிறந்தநாளைக் கடந்த மனிதர் இந்த ஏற்பாடுகளின் வாசலுக்கு வெளியே நிறுத்தப்படுகிறார்.

இதற்குள் ஒளிந்திருக்கும் கண்ணோட்டம் என்ன? உழைக்கும் வயதும் பிள்ளை பெறும் வயதும் உள்ளவரைதான் மனித உடல் அரசின் கவனத்திற்கு உரியது என்பதே அது. உழைப்புச் சக்தியை வழங்குவதும், அடுத்த தலைமுறை உழைப்பாளிகளை ஈன்று தருவதும் முடிந்த பிறகு, அந்த உடலின் ஆசைகளும் ஆபத்துகளும் கணக்கிலிருந்து கழிக்கப்படுகின்றன. ‘வயதானவர்களுக்கு இதெல்லாம் எதற்கு’ என்ற வீட்டுக் கூடத்துக் கேலியும், அரசுக் கோப்பில் உள்ள மௌனமும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை.

மருந்து ஈட்டித் தந்த முதுமை

முதியோரிடையே எச்ஐவி என்பது முதற்கண் ஒரு வெற்றியின் விளைவு என்பதை அங்கீகரிக்க வேண்டும். 1986இல் சென்னையில் இந்தியாவின் முதல் தொற்றுகள் கண்டறியப்பட்டபோது இந்நோய் மரண தண்டனையாகவே கருதப்பட்டது. 2001இல் இந்தியாவின் சிப்லா நிறுவனம் மூன்று மருந்துகளின் கூட்டுச் சிகிச்சையை நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவாக வழங்க முன்வந்தது, பன்னாட்டு மருந்துக் கம்பெனிகளின் கொள்ளை விலையை உலகின் முன் அம்பலப்படுத்தியது. செய்பொருளுக்குக் காப்புரிமை தராத 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டமே அதற்கு அடித்தளம். உலக வர்த்தக அமைப்பின் நிர்ப்பந்தத்தால் 2005இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோது, பழைய மருந்தில் சிறு மாற்றம் செய்து காப்புரிமையை நீட்டிக்கும் தந்திரத்தைத் தடுக்கும் பாதுகாப்புகள் இடதுசாரிகளின் அழுத்தத்தால் வலுப்படுத்தப்பட்டன.

2004 ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளில் ஏஆர்டி எனப்படும் கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாகத் தொடங்கியது. 2017 முதல், தொற்று உறுதியான அனைவருக்கும் உடனடியாகச் சிகிச்சை என்பது கொள்கையானது. 2004இல் முப்பத்தைந்து வயதில் முதல் மாத்திரையை விழுங்கியவர் இன்று ஐம்பத்தைந்தைக் கடந்திருக்கிறார். முறையாக மருந்து உட்கொண்டு, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய இயலாத அளவுக்குக் கட்டுப்பட்ட நிலையைத் தக்கவைத்திருப்பவரிடமிருந்து பாலுறவு வழியே தொற்று பிறருக்குப் பரவுவதில்லை என்பதும் அறிவியல் நிறுவிய உண்மை. அவர்களை அச்சத்தோடு பார்க்க எந்த நியாயமும் இல்லை.

ஆனால் இருபது ஆண்டுகளுக்கு முன் உயிரைக் காக்க வடிவமைக்கப்பட்ட ஏஆர்டி மையம், முதுமையின் நோய்களைக் கையாளத் தயாராகவில்லை. எச்ஐவியோடு மூப்படைவோருக்கு இதய நோய், சிறுநீரகப் பாதிப்பு, எலும்புத் தேய்வு, சில வகைப் புற்றுநோய்கள் ஆகியவற்றின் ஆபத்து கூடுதல். தற்போதைய சிகிச்சையில் உள்ள டெனோஃபோவிர் மருந்து சிறுநீரகத்தையும் எலும்பையும் பாதிக்கக்கூடியது என்பதால் தொடர் கண்காணிப்பு தேவை. டொலுடெக்ராவிர் மருந்து, சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினின் அளவை இரத்தத்தில் உயர்த்தும். முதியோருக்கு வழக்கமாக எழுதித் தரப்படும் கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளை அதனுடன் ஒரே வேளையில் வெறும் வயிற்றில் உட்கொண்டால் அதன் ஆற்றல் குறையும். இவையெல்லாம் மருந்தின் அளவை மாற்றியும், வேளைகளுக்கு இடையே இடைவெளி விட்டும் எளிதில் தீர்க்கக் கூடியவை. இதற்காக எவரும் சிகிச்சையை நிறுத்தத் தேவையில்லை, நிறுத்தவும் கூடாது. ஆனால் சர்க்கரை நோய்க்கு ஓர் இடத்திலும் எச்ஐவிக்கு வேறோர் இடத்திலும் வரிசையில் நிற்கும் முதியவரின் இரண்டு சீட்டுகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எந்த மருத்துவரும் இல்லை. அவமதிப்புக்கு அஞ்சி ஒரு மருத்துவரிடம் மற்றதை மறைப்பவர்களும் ஏராளம்.

தாமதமாகத் தெரியவரும் தொற்று

ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர்களின் நிலை இதுவென்றால், தொற்று இருப்பதே தெரியாமல் முதுமைக்குள் நுழைந்தவர்களின் நிலை இன்னும் மோசம். எடை குறைதல், ஓயாத சோர்வு, மறதி, அடிக்கடி காய்ச்சல், நாள்பட்ட வயிற்றுப்போக்கு ஆகிய அறிகுறிகள் அனைத்தும் ‘வயசானா இப்படித்தான்’ என்ற ஒரே சொல்லில் தள்ளுபடி செய்யப்படுகின்றன. மருத்துவரும் எல்லாப் பரிசோதனைகளையும் எழுதித் தந்துவிட்டு, எச்ஐவியைக் கடைசியில்தான் நினைக்கிறார். வயது ஏற ஏற நோய் எதிர்ப்பு அணுக்கள் மீண்டெழும் வேகம் குறைகிறது. எனவே முதியவருக்குத் தாமதம் மேலும் ஆபத்தானது.

ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்திலிருந்து குஜராத்தின் சூரத் நகரத்து விசைத்தறிகளுக்குச் செல்லும் தொழிலாளர்களின் வாழ்க்கை இதை விளக்கும். பல பத்தாண்டுகளாகத் தொடரும் இடப்பெயர்வு அது. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், பகலில் ஒருவரும் இரவில் மற்றொருவரும் மாறி மாறிப் படுக்கும் மெஸ் அறைகள், குடும்பத்தை உடன் அழைத்துவர இடமளிக்காத கூலி ஆகியவை அவர்களின் நிலைமைகள். ஒடிசாவில் எச்ஐவி பாதிப்பு அதிகமுள்ள மாவட்டமாகக் கஞ்சம் அறியப்படுவதற்கு அதன் மக்களின் ஒழுக்கம் காரணமன்று. ஆண்டில் பதினொரு மாதம் மனிதரைக் குடும்பத்திலிருந்து பிரித்துவைக்கும் சுரண்டல் முறையே காரணம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இளைஞர்களாகச் சூரத் சென்றவர்கள் இன்று உடல் தேய்ந்து ஊர் திரும்பிவிட்டார்கள். புலம்பெயர் தொழிலாளருக்கான எச்ஐவி தடுப்புப் பணி அவர்கள் வேலையில் இருக்கும் வரைதான் அவர்களைத் தேடிச் செல்கிறது. வேலையை விட்டவர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

ஊரில் காத்திருந்த மனைவியின் நிலை என்ன? பெண்களுக்கு எச்ஐவி பரிசோதனையின் முதன்மையான வாயில் மகப்பேறுதான். தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று பரவுவதைத் தடுக்கும் திட்டம் 2002இல்தான் தொடங்கியது. தொண்ணூறுகளிலேயே கடைசிப் பிள்ளையைப் பெற்றெடுத்த பெண் அந்த வாயிலைக் கடக்கவே இல்லை. அதன் பிறகு அவரைப் பரிசோதனைக்கு அழைக்க எந்தத் திட்டமும் இல்லை. கணவருக்குக் காசநோய் வந்து, அதன் வழியே எச்ஐவி தெரியவந்து, பிறகு மனைவிக்குப் பரிசோதனை என்பதே பல குடும்பங்களில் நிகழும் வரிசை. மாதவிடாய் நின்ற பிறகு பிறப்புறுப்பின் உட்சவ்வு மெலிந்து உலர்வதால் எளிதில் கீறல் ஏற்படுகிறது. எனவே தொற்றும் வாய்ப்பும் கூடுகிறது. இந்த எளிய உடலியல் உண்மையை ஐம்பது வயதுப் பெண்ணிடம் எடுத்துச் சொல்லும் ஏற்பாடு நாட்டில் எங்கே இருக்கிறது? 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 49 வயது வரையிலான பெண்களிலேயே எச்ஐவி பற்றிய முழுமையான அறிவு பெற்றவர்கள் ஐந்தில் ஒருவருக்குச் சற்று மேல்தான். அதற்கு மேற்பட்ட வயதினரிடம் எவரும் கேட்கவே இல்லை.

ஒருபாலின ஈர்ப்புள்ள முதியவர்களையும் திருநங்கையரையும் இங்கே மறந்துவிடக் கூடாது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரும் வரை சட்டத்தின் பார்வையில் குற்றவாளிகளாகவே வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கழித்தவர்கள் அவர்கள். அறுபது வயதில் ஒரு பரிசோதனை மையத்தின் படியேறி, அறிமுகமில்லாத ஊழியரிடம் தன் வாழ்க்கையைச் சொல்வது அவர்களுக்கு எளிதான செயலன்று.

ஆணுறையும் ஒழுக்கப் பிரசங்கமும்

முதியோர் ஆணுறை பயன்படுத்துவதில்லை என்று குறைகூறுவோர், அவர்களுக்கு அது எப்படிக் கற்பிக்கப்பட்டது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். 1968இல் ‘நிரோத்’ அறிமுகமானது குடும்பக் கட்டுப்பாட்டுச் சாதனமாக. சிவப்பு முக்கோணமும் ‘இருவர் போதும்’ முழக்கமும் ஒரு தலைமுறைக்கே சொல்லித் தந்தது, ஆணுறை பிள்ளை பிறப்பதைத் தடுக்கும் பொருள் என்பதை மட்டுமே. கருத்தடை அறுவை முடிந்துவிட்டாலோ, மாதவிடாய் நின்றுவிட்டாலோ அதற்குத் தேவையே இல்லை என்று அந்தத் தலைமுறை முடிவுக்கு வந்தது முற்றிலும் இயல்பானது. அரசு கற்பித்த பாடத்தை அவர்கள் சரியாகவே கற்றார்கள். பாடத்தின் மறுபாதியை அரசு இன்னும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. அந்த ஆணுறைகளைத் தயாரிக்க 1966இல் நிறுவப்பட்ட திருவனந்தபுரத்தின் எச்எல்எல் பொதுத்துறை நிறுவனத்தையும் மோடி அரசு விற்க முனைந்தது. ஏலத்தில் பங்கேற்க கேரள அரசு முன்வந்தபோது, மாநில அரசுக்கு இடமில்லை என்று மறுத்தது.

மறுபுறம் சந்தை தன் வேலையைத் தடையின்றிச் செய்கிறது. ரயில் பாதையோரச் சுவர்களில் ‘ஆண்மைக் குறைவு’ நீக்கும் வைத்தியர்களின் விளம்பரங்கள் நாடெங்கும் காட்சியளிக்கின்றன. மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத சில்டெனாஃபில் மாத்திரை பல மருந்துக் கடைகளில் கேட்டவுடன் கிடைக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் வகை மருந்து உட்கொள்வோருக்கு அது உயிராபத்தை விளைவிக்கும் என்று சொல்வாரில்லை. முதியவரின் பாலியல் வாழ்வை வணிகம் அங்கீகரிக்கிறது. பொது சுகாதாரம் அங்கீகரிக்க மறுக்கிறது.

இந்த மறுப்புக்கு ஓர் அரசியல் உண்டு. பள்ளிகளில் பாலியல் கல்வி கூடாது என்று வெங்கய்ய நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு 2009இல் பரிந்துரைத்தது. 2014இல் ஒன்றிய சுகாதார அமைச்சராகப் பொறுப்பேற்ற ஹர்ஷ்வர்தன், எய்ட்ஸ் பிரச்சாரம் ஆணுறையை மட்டும் முன்னிறுத்தாமல் கணவன் மனைவி உறவின் நேர்மையை வலியுறுத்த வேண்டும் என்று கருத்துரைத்தார். அடுத்த ஆண்டு நிதிநிலை அறிக்கையில் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுக்கான ஒதுக்கீடு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெட்டப்பட்டது. பண்பாடு பற்றிய பிரசங்கமும் நிதி வெட்டும் கைகோத்து வருவது தற்செயலன்று. கணவனைத் தவிர வேறெவரையும் அறியாத எண்ணற்ற பெண்களுக்கு எச்ஐவி வந்தது திருமணத்திற்குள்தான். எனவே திருமணமே பாதுகாப்பு என்ற உபதேசம் அவர்களைக் காக்கவில்லை.

பாலுறவோடு தொடர்பே இல்லாத வழியிலும் முதியோர் பாதிக்கப்படுகிறார்கள். உத்தரப்பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டம் பாங்கர்மாவில், போலி மருத்துவர் ஒருவர் ஒரே ஊசியைப் பலருக்கும் பயன்படுத்தியதால் முப்பதுக்கும் மேற்பட்டோருக்கு எச்ஐவி பரவியதாக 2018 தொடக்கத்தில் வெளிவந்த செய்தி நாட்டையே அதிர வைத்தது. உடல் வலிக்கும் காய்ச்சலுக்கும் மலிவாக ஊசி போட்டுக்கொள்ளும் கிராமத்து ஏழை முதியவர், ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் இல்லாததால்தான் போலி மருத்துவரிடம் செல்கிறார்.

சட்டமும் நடைமுறையும்

2017இல் நிறைவேற்றப்பட்டு, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் வேலை, சிகிச்சை, குடியிருப்பு, சொத்து ஆகியவற்றில் பாகுபாட்டைத் தடை செய்கிறது. ஒப்புதலின்றிப் பரிசோதனை கூடாது, தகவல் ரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்கிறது. வரவேற்கத்தக்க சட்டம்தான். ஆனால் பரிசோதனையையும் சிகிச்சையையும் அரசு ‘இயன்றவரை’ வழங்கும் என்ற ஒற்றைச் சொல், உரிமையைக் கருணையாகச் சுருக்கிவிட்டது. எச்ஐவியோடு வாழ்வோரின் அமைப்புகள் அப்போதே இதை எதிர்த்தன. ‘இயன்றவரை’ என்பதன் பொருள் 2022இல் தெரிந்தது. மருந்துத் தட்டுப்பாட்டைக் கண்டித்து, தில்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலகத்தின் முன் நோயாளிகள் ஒரு மாதத்திற்கும் மேலாகப் போராட நேர்ந்தது.

முதியோர் நலன் பற்றிய அரசின் தம்பட்டமும் இதே தரத்தில்தான் உள்ளது. எழுபது வயது கடந்த அனைவருக்கும் ஐந்து லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீடு என்று 2024 அக்டோபரில் பெருமையாக அறிவிக்கப்பட்டது. அது மருத்துவமனையில் படுத்த பிறகுதான் உதவும். பரிசோதனை, ஆலோசனை, மாதந்தோறும் மருந்து, ஏஆர்டி மையத்திற்குச் சென்றுவரும் பேருந்துச் செலவு எதுவும் அதில் அடங்காது. தேசிய முதியோர் ஓய்வூதியத்தில் ஒன்றிய அரசின் பங்கு 60 முதல் 79 வயது வரை மாதம் 200 ரூபாய்; கைம்பெண்களுக்கு 300 ரூபாய். அந்த 200 ரூபாய் ஒன்றரைப் பத்தாண்டுகளுக்கும் மேலாக ஒரு ரூபாய்கூட உயர்த்தப்படவில்லை. வருமானமற்ற முதிய பெண்ணுக்குத் தன் உடலைப் பற்றிய எந்த முடிவையும் தானே எடுக்கும் வலு எங்கிருந்து வரும்?

அமைப்பாகத் திரண்டால் சாத்தியம்

மாற்று வழி இந்த மண்ணிலேயே நிரூபிக்கப்பட்டிருக்கிறது. 1992இல் கொல்கத்தாவின் சோனாகாச்சியில் மருத்துவர் ஸ்மரஜித் ஜானா தொடங்கிய பணி, பாலியல் தொழிலாளர்களுக்கு உபதேசம் செய்யவில்லை. அவர்களையே சுகாதார ஊழியர்களாக்கியது. 1995இல் அவர்கள் தங்கள் சொந்த அமைப்பை உருவாக்கினார்கள். தனியாக நிற்கும் பெண்ணால் வாடிக்கையாளரிடம் ஆணுறையை வலியுறுத்த முடியாது, திரண்டு நிற்கும் பெண்களால் முடியும் என்று சோனாகாச்சி காட்டியது. அதே இடத்தில் இன்று முதுமையடைந்துள்ள பெண்கள், வருமானம் சுருங்கிய நிலையில் பேரம் பேசும் வலுவை இழந்து நிற்கிறார்கள் என்பதும் உண்மை. அவர்களுக்கு ஓய்வூதியமும் உறைவிடமும் தருவது எச்ஐவி தடுப்பின் பகுதியாகும்.

15,471.94 கோடி ரூபாய் ஒதுக்கீட்டுடன் 2021 ஏப்ரலில் தொடங்கிய தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் 2026 மார்ச் வரையிலானது. அடுத்த கட்டத்தில் முதியோர் பெயரளவுக்கு ஒரு வரியாக இடம்பெறுவது போதாது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டோரின் தொற்று, சிகிச்சை, இறப்பு விவரங்கள் தனியே வெளியிடப்பட வேண்டும். குடும்ப நல ஆய்வின் வயது வரம்பு தளர்த்தப்பட வேண்டும். முப்பது வயது கடந்தோரின் சர்க்கரை, இரத்த அழுத்தம் குறித்து ஆஷா ஊழியர்கள் வீடு வீடாக விவரம் சேகரிக்கிறார்கள். அந்தத் தொற்றா நோய்ப் பரிசோதனையோடு, ஒப்புதலின் பேரில் எச்ஐவி, பால்வினை நோய்ப் பரிசோதனையும் எல்லா வயதினருக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும். ஏஆர்டி மையத்திலேயே இதயம், சிறுநீரகம், எலும்பு ஆகியவற்றுக்கான கண்காணிப்பு நடைபெற வேண்டும். சட்டத்திலுள்ள ‘இயன்றவரை’ என்ற சொல் நீக்கப்பட வேண்டும். எச்ஐவி இருப்பதைக் காட்டி முதியோர் இல்லங்களில் இடம் மறுப்பது தண்டிக்கப்பட வேண்டும்.

இவற்றையெல்லாம் நிறைவேற்றப் போவது ஊழியர்கள்தான். தமிழகத்தில் ‘நம்பிக்கை மையம்’ என்று அறியப்படும் ஆலோசனை, பரிசோதனை மையங்களில் பணிபுரியும் ஆலோசகர்களும் ஆய்வக நுட்பநர்களும் நாடெங்கும் ஆண்டுக்கணக்கில் ஒப்பந்த ஊழியர்களாகவே வைக்கப்பட்டிருக்கிறார்கள். ஆஷா ஊழியர்களுக்கு ஊதியமே இல்லை, ஊக்கத்தொகை மட்டுமே. ஒரு முதியவர் தன் அந்தரங்கத்தை நம்பிச் சொல்லும் ஊழியர், அடுத்த ஆண்டும் அதே நாற்காலியில் இருப்பார் என்ற உறுதி வேண்டும். அவர்களைப் பணி நிரந்தரம் செய்யாமல் எந்தத் திட்டமும் காகிதத்தைத் தாண்டாது.

தொழிற்சங்கங்களும், மாதர் அமைப்புகளும், ஓய்வூதியர் சங்கங்களும் இதில் தங்கள் பங்கைப் பரிசீலிக்க வேண்டியுள்ளது. ஓய்வூதியம், பஞ்சப்படி, மருத்துவச் செலவு குறித்து ஓயாமல் போராடும் அமைப்புகளின் கூட்டங்களில் முதியோரின் பாலியல் நலம் ஒருமுறையேனும் விவாதிக்கப்பட்டதுண்டா? கூச்சம் பண்பாடாகக் கருதப்படலாம். ஆனால் அந்தக் கூச்சத்தின் விலையைத் தாமதமான சிகிச்சையாகவும் தனிமையாகவும் செலுத்துவது உழைத்து ஓய்ந்த மனிதர்களே. சங்க அலுவலகத்தில் ஒரு மாலை ஒரு மருத்துவரை அழைத்துப் பேசச் செய்வதும், 1097 என்ற கட்டணமில்லா எய்ட்ஸ் உதவி எண்ணை அறிவிப்புப் பலகையில் எழுதி வைப்பதும் சிறிய தொடக்கங்கள். அவற்றுக்கு எந்த அரசாணையும் தேவையில்லை.

வாழ்நாள் முழுவதும் தறியிலும் வயலிலும் கட்டடத்திலும் உழைத்தவர்களுக்கு முதுமையில் உணவும் மருந்தும் போலவே அன்பும் நெருக்கமும் உரிமை. அந்த உரிமையை ஆபத்தின்றித் துய்க்கும் அறிவையும் பாதுகாப்பையும் வழங்குவது அரசின் கடமை. நாற்பத்தொன்பது வயதோடு மனிதரைக் கணக்கிலிருந்து நீக்கிவிடும் கொள்கையை மாற்றக் கோரும் குரல், முதியோர் சங்கங்களிலிருந்தும் எச்ஐவியோடு வாழ்வோரின் அமைப்புகளிலிருந்தும் ஒருசேர எழ வேண்டும். உழைக்கும் மக்களின் இயக்கம் அக்குரலுக்குத் துணை நிற்க வேண்டும்.